நட்டு சுற்றுகிறது, கழலவில்லை

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தூத்துக்குடியில் மழை ஓய்ந்துவிட்டது, உப்பளத்தில் பாத்தி மிதிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

சரி, உன் கார் விஷயத்துக்கு வருகிறேன். வளைவில் வண்டி சாயாமல் தாங்கும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடை மாற்றப் போனால் நட்டு சுற்றுகிறதே தவிர கழலவில்லை என்கிறாய். லிங்கின் முனையில் இருப்பது பால் ஜாயின்ட், அதாவது கிண்ணத்துக்குள் சுழலும் உருண்டை. அதிலிருந்து நீளும் மரைத் தண்டில்தான் நட்டு உட்காரும். மரையில் துரு ஏறினால் நட்டோடு சேர்ந்து உள்ளே உருண்டையும் சுற்றும். மரையைக் கவ்வும் நைலான் வளையம் வைத்த நட்டு என்றால் அதற்குத் துருகூட வேண்டாம். எவ்வளவு பெரிய ஸ்பேனர் போட்டாலும் அதே கதைதான், தண்டைப் பிடித்து நிறுத்தினால்தான் வேலை நடக்கும். பல வண்டிகளில் மரை முனையின் நடுவில் ஆறு பட்டைக் குழி இருக்கும், 5 அல்லது 6 மி.மீ. ஆலன் கீ உட்காரும். குழியில் அடைந்த மண்ணை ஊசியால் நோண்டி எடுத்துவிட்டுக் கீயைத் தட்டி இறக்கு. கீயை அசையாமல் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் நட்டைத் திருப்பு. குழி மழுங்கிவிட்டால் மல்லுக்கட்டாதே. பழைய லிங்க் எப்படியும் காயலான் கடைக்குத்தான், கிரைண்டரால் அறுத்துவிடு. பிரேக் ஹோஸ் மீது பொறி படாமல் ஈரச் சாக்கால் மூடு. கண்ணாடி போட மறக்காதே, உன்னைத் தெரியும் எனக்கு.

ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்ட் சுற்றினால் வைத்தியம் வேறு. அதன் தண்டு கூம்பு. துளைக்குள் இறுகும் பக்கமாக ஜாக்கியால் முட்டுக் கொடுத்தால் தண்டு நின்றுவிடும், நட்டு வரும்.

இங்கே கடல் காற்றுக்கு, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் போல்ட்டுதான் பெரிய தலைவலி. போன மாதம் என் வண்டியில் போல்ட்டு திரும்பியது, வெளியே வரவில்லை. ஆர்ம் முனையிலுள்ள ரப்பர் புஷ்ஷின் நடுவிலுள்ள இரும்புக் குழாயோடு துருவில் ஒட்டிப்போயிருந்தது. திருப்பத் திருப்ப ரப்பர்தான் முறுக்கிக்கொண்டது. துரு இரும்பைவிட அதிக இடம் அடைக்கும், அதனால்தான் அந்தப் பிடி. ராத்திரி எண்ணெய் விட்டு ஊறவைத்து, காலையில் கொஞ்சம் இறுக்கிக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தோம். ம்ஹூம். கேஸ் காட்டினால் ரப்பர் எரிந்து நாறும். அப்புறம் புஷ்ஷுக்கும் அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே பிளேடு விட்டு இரு பக்கமும் அறுத்துத்தான் ஆர்மை இறக்கினோம்.

உனக்கும் அப்படி ஆனால், பழைய போல்ட்டின் தலையில் அதன் பலத்தைக் காட்டும் எண் 10.9 என்று இருக்கிறதா பார். இருந்தால் அதே 10.9 வாங்கு, கடைக்காரர் பலம் குறைந்த 8.8-ஐத் தள்ளிவிடப் பார்ப்பார். மரை இல்லாத நடுப்பகுதியில் லேசாக கிரீஸ் தடவு. ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக இறுக்காதே. சக்கரம் தரையில் நின்று வண்டியின் பாரம் இறங்கிய பிறகு இறுக்கு, இல்லையென்றால் புது ரப்பர் முறுக்கிலேயே கிடந்து சீக்கிரம் கிழியும்.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? உன் நீளக் கைப்பிடி ராட்செட்டை எடுத்து வா, இன்னொரு பக்க ஆர்ம் பாக்கி இருக்கிறது. மக்ரூன் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
ராஜா