கயலுக்கு: குமிழ் கிடைத்தது, மரையைக் கவனி

கே.புதூர், மதுரை

அன்புள்ள கயல்,

ஜிக்கின் கட்டையைக் கையால் திருகி இறுக்க நீ கேட்ட குமிழ்கள் தயார். பத்தும் பார்சலில் வருகின்றன. அதற்குள் இந்தக் கடிதத்தைப் படித்துவிடு. நீ அனுப்பிய வீடியோவை நானும் அம்மாவும் பார்த்தோம். பலகையை ஒரே அளவில் வெட்டுவதற்கு நீ செய்த ஜிக் அருமையாக இருக்கிறது. மூலைமட்டம் பிசகவில்லை, ஓரமெல்லாம் இழைத்திருக்கிறாய். ஆனால் நாலாவது துண்டு வெட்டும்போது, பலகை முட்டி நிற்கும் ஸ்டாப் கட்டை ஒரு நூலளவு பின்னால் போனதை நான் பார்த்தேன். "நல்லாத்தான்ப்பா இறுகுது, ஆனாலும் நகருது" என்று நீ எழுதியதற்குக் காரணமும் அங்கேதான் இருக்கிறது.

பழைய குமிழ் தரமில்லை என்று நினைத்து நீ வேறு குமிழ் கேட்டாய். ஃபேனில் கழற்றிய அந்தக் குமிழில் ஒரு குறையும் இல்லை. அது எட்டு மில்லிமீட்டர் மரை, எம் 8. கட்டை நகருவதற்கு வைத்த அலுமினியத் தடத்துக்குள் நீ விட்டிருக்கும் போல்ட் 5/16 இஞ்ச். நம் கடைகளில் ரெண்டரை நூல் என்போமே, அது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 5/16 என்பது 7.94 மில்லிமீட்டர், அவ்வளவு நெருக்கம். ஆனால் எம் 8-இல் மரைக்கு மரை 1.25 மில்லிமீட்டர். உன் போல்ட்டிலோ ஒரு இஞ்சுக்குப் 18 மரை, அதாவது ஏறக்குறைய 1.41. அதனால் குமிழ் முதல் ஒன்றிரண்டு சுற்று சுகமாகப் போகும், பிறகு மரையோடு மரை சிக்கி நிற்கும். கைக்கு அது இறுகின மாதிரியே இருக்கும். கட்டையை அது பிடித்திருக்காது, போல்ட்டைத்தான் பிடித்திருக்கும். பிளேடுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு கட்டை இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பார்சல் வரும்வரை அந்த ஜிக்கைத் தொடாதே, அம்மாடி.

சந்தேகம் வந்தால், அந்த போல்ட்டையும் அளவு தெரிந்த இன்னொரு போல்ட்டையும் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து, ஒன்றின் மரைப் பள்ளத்தில் மற்றதன் மேடு உட்காருகிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பார். ஒரே மரை என்றால் இடைவெளியே தெரியாது. வேறு வேறு என்றால் நாலைந்து மரைக்குள் விலகிவிடும். மில்லில் ஃபிட்டராக இருந்த காலமெல்லாம் நான் அப்படித்தான் பார்த்தேன். அங்கே பழைய மெஷின்கள் இங்கிலாந்தில் இருந்து வந்தவை, எல்லாம் விட்வொர்த் மரை. 1841-இல் ஜோசப் விட்வொர்த் சொன்ன கணக்கு அது, மரையின் கோணம் 55 டிகிரி. புதிதாக வந்த மெஷின்களோ மில்லிமீட்டர். ஒரே ஷெட்டில் இரண்டு குடும்பம். அதனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் மரையைப் பார்த்துவிடுவோம். நீ இருக்கும் கனடாவில் இஞ்ச் கணக்கில் விற்பது யு.என்.சி. என்ற மரை, அதன் கோணம் 60 டிகிரி. 5/16-க்கு இரண்டிலும் 18 மரைதான். ஆனாலும் உனக்குப் போடும்போது உள்மரை வெட்டுகிற டேப்பை யு.என்.சி.யாகவே கேட்டு வாங்கினேன்.

இங்கே குமிழ் தேடினதையும் சொல்கிறேன். மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில், "ரெண்டரை நூலும் எட்டு எம்.எம்.மும் ஒண்ணுதான் சார், கொண்டு போங்க" என்றார்கள். பையில் இருந்த 5/16 போல்ட்டை எடுத்து அவர்கள் குமிழில் போட்டுக் காட்டினேன், மூன்றாவது சுற்றில் நின்றது. நீயும் கடைக்குப் போகும்போது ஒரு போல்ட்டும் ஒரு நட்டும் பையில் இருக்கட்டும். வாயால் சொல்லிக் கேட்டால் எதையாவது கொடுத்துவிடுவார்கள். கடைசியில் மரை போடாத, நடுவில் பித்தளை உருளை (புஷ்) வைத்த குமிழாக வாங்கி, தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தேன். ஆறரை மில்லிமீட்டர் துளை போட்டு, டேப் இறக்கிக் கொடுத்தார்கள். வெறும் பிளாஸ்டிக்கில் மரை போட்டதை எங்கே பார்த்தாலும் வாங்காதே, பலமாக இறுக்கினால் உரிந்துவிடும்.

குமிழுக்கென்று தனிக் கடை தேட வேண்டாம். மைக் ஸ்டாண்ட், பழைய ஃபேன், உடற்பயிற்சி சைக்கிளின் சீட், எல்லாவற்றிலும் நல்ல குமிழ் இருக்கும். மரை ஒத்துப்போனால் கழற்றிக்கொள். ஒத்துப்போகாததைத் தனி டப்பாவில் போட்டு, மேலே அளவை எழுதி வை. உன் பட்டறைக்கு 5/16 என்று முடிவு செய்துவிட்டால் எல்லா ஜிக்கையும் அதிலேயே செய்.

அப்புறம், குமிழை நீயே செய்துகொள்ளலாம். அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வழி. இங்கே என்றால் கருவேலம் அல்லது பூவரசு எடுப்பேன். உனக்கு அங்கே மேப்பிள் கிடைக்கும், அது போதும். முக்கால் இஞ்ச் கனத்தில் ஒரு துண்டு எடுத்து, ரெண்டு இஞ்ச் விட்டத்தில் வட்டம் போடு. வட்டக் கோட்டின் மேலேயே சம தூரத்தில் ஆறு துளை போட்டுவிட்டு, பிறகு வட்டத்தை அறுத்து எடு. விரல் பதிகிற பள்ளம் தானாக வந்துவிடும். நட்டை மட்டும் மேல்பக்கத்தில் புதை, கீழ்ப்பக்கத்தில் அல்ல. இறுக்கும்போது போல்ட் நட்டைக் கீழே இழுக்கும். மேலே புதைத்திருந்தால் இறுக்க இறுக்க நட்டு மரத்துக்குள் இன்னும் அழுந்தும். கீழே புதைத்திருந்தால் அதே இழுப்பில் கழன்று வெளியே வரும், குமிழ் சும்மா சுற்றும். நட்டுக்குக் கொஞ்சம் இறுக்கமான துளையாகப் போட்டு, ஒரு நீள போல்ட்டும் வாஷரும் வைத்து முறுக்கியே உள்ளே இழு. சுத்தியலால் அடித்தால் மரம் பிளக்கும். ஓரத்தில் அரால்டைட் தடவி ஒரு ராத்திரி விட்டுவிடு.

போல்ட் நீளத்தையும் பார்த்துக்கொள். துளை மறுபக்கம் வராத, அடைத்த குமிழ் என்றால் போல்ட் நுனி உள்ளே முட்டி நிற்கும், அப்போதும் இறுகின மாதிரிதான் தெரியும், கட்டை ஆடும். நீளம் அதிகமென்றால் நுனியை அறுத்து, அரத்தால் சரி பண்ணு. அறுப்பதற்கு முன்னால் ஒரு நட்டை ஏற்றி வைத்துக்கொண்டு, அறுத்த பிறகு அதைக் கழற்றினால் நுனி மரை தானே சீராகும். குமிழுக்கும் மரத்துக்கும் நடுவே அகலமான வாஷர் ஒன்று எப்போதும் இருக்கட்டும். மரை கடுத்தால் மெழுகு தேய், எண்ணெய் வேண்டாம், பலகையில் கறை விழும்.

குமிழ்களோடு அம்மா பருப்புப் பொடியும் வைத்திருக்கிறாள். இரண்டையும் தனித்தனியாகக் கட்டியிருக்கிறேன். தடத்தின் உள் அகலத்தை வெர்னியரில் அளந்து எழுது. 5/16 போல்ட்டின் தலை அகலம் 12.7 மில்லிமீட்டர் வரும். எம் 8 என்றால் 13, அந்தக் கொஞ்சத்துக்கே சில தடங்களில் பிடிக்கும். பழைய குமிழை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டதும், கட்டையைத் தள்ளிப் பார்த்து ஒரு வீடியோ அனுப்பு. அதற்குப் பிறகு வெட்டு.

அன்புடன்,
அப்பா