எத்தியோப்பியால பாடம் நடத்தற நம்ம ஊர் வாத்தியாருங்களுக்கு: அந்த தீசிஸையெல்லாம் லேப்டாப்லயே விட்டுடாதீங்க

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

ஹவாஸா, ஜிம்மா, அர்பா மிஞ்ச், ஹராமாயா, மெக்கெல்லேன்னு எத்தியோப்பியா முழுக்க யுனிவர்சிட்டிகள்ல வேலை பாக்கற நம்ம ஆளுங்களுக்குதான் இந்த மடல். பக்கத்துல கென்யா, தான்சானியா, ருவாண்டால என்ஜிஓ, கன்சல்டன்சின்னு இருக்கறவங்களும் படிங்க. நானும் தெற்கு எத்தியோப்பியால அக்ரி எகனாமிக்ஸ் நடத்திட்டு ஊர் திரும்பினவன். பசங்க எழுதின தீசிஸ எல்லாரும் பாக்கற மாதிரி வெளியிடற வேலை, அங்க இருந்த வரைக்கும் செய்யாம விட்டத இப்ப இங்க உக்காந்து செஞ்சுட்டு இருக்கேன். நீங்க அங்க இருக்கும்போதே அதை செஞ்சிடுங்கன்னு கேக்கத்தான் எழுதறேன்.

என்கிட்ட ஒரு பையன் எம்எஸ்சி தீசிஸ் பண்ணான். ப்ரொடக்டிவ் சேஃப்டி நெட் திட்டம் பத்தி. 2005ல அங்க ஆரம்பிச்சது, பஞ்சம் அடிக்கடி வர்ற வட்டாரங்கள்ல மண் அணை, குளம், ரோடுன்னு வேலை செஞ்சு காசோ தானியமோ வாங்கிக்கலாம், கிட்டத்தட்ட நம்ம நூறு நாள் வேலை மாதிரி. இதுல ரொம்ப நாளா ஓடற ஒரு கேள்வி, காசா குடுக்கறதா தானியமா குடுக்கறதான்னு. 2008ல தானிய வெலை எகிறினப்ப காசு வாங்கிட்டு இருந்தவங்களே எங்களுக்கு தானியமா குடுங்கன்னு கேட்டாங்க, ஏன்னா கையில காசு வந்து சந்தைக்கு போறதுக்குள்ள அந்த காசுக்கு பாதி மூட்டை கூட வராது. பையன் இதைத்தான் ஒரு வொரெடாவுல (நம்ம தாலுகா மாதிரி) ரெண்டு கெபெலே (அதுக்குள்ள வர்ற சின்ன ஊர் நிர்வாகம்) எடுத்துகிட்டு வீடு வீடா நடந்து கேட்டான், காசு வாங்க எவ்ளோ தூரம் நடக்கறாங்க, எத்தனை நாள் லேட்டாச்சு, அந்த வாரம் சந்தையில மக்காச்சோளம் என்ன வெலை, எல்லாம் நோட்டுல கையால எழுதி அப்பறம் எக்செல்ல ஏத்தினான். இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் இருந்துச்சு, ஆனா வேலை சுத்தம்.

மூணு வருஷம் கழிச்சு ஒரு ப்ராஜெக்ட் சர்வே டீமோட நான் அதே கெபெலேவுக்கு போனேன். டேப்லெட்ல கேள்வி, அதே கேள்விங்க. வாசல்ல உக்காந்து காபி கொட்டை வறுத்துட்டு இருந்த ஒரு அம்மா கேள்விய பொறுமையா கடைசி வரைக்கும் கேட்டாங்க, கேட்டுட்டு, "இதெல்லாம் முன்னாடி வந்த தம்பிகிட்ட சொல்லிட்டேனே, அவன் எல்லாத்தையும் எழுதிகிட்டானே"ன்னாங்க. எனக்கு மொழிபெயர்த்து சொன்ன பொண்ணு அதை சொல்லும்போது என் முகத்த பாக்கல. அந்தம்மா காபி ஊத்தி குடுத்தாங்க, குடிச்சுட்டு திரும்ப முதல்லேந்து கேள்விய கேட்டோம். அவங்க பதிலும் சொன்னாங்க.

அன்னிக்கு ராத்திரி அந்த தீசிஸ தேட ஆரம்பிச்சேன். டிபார்ட்மென்ட் அலமாரியில பைண்ட் பண்ணின காப்பிய யாரோ எடுத்துட்டு போயிருக்காங்க. லைப்ரரி காப்பி இருந்துச்சு, ஆனா அதுல டேட்டா இருக்கற சிடி பின் அட்டை கவர்லயே கீறல் விழுந்து ஓடல. பையன் படிச்சு முடிச்சு வேற ரீஜன் போயிட்டான், பழைய லேப்டாப் செத்துப்போச்சுன்னான். என் மெயில்ல தேடினா மூணாவது சாப்டர் வரைக்கும்தான் இருந்துச்சு. கைடு நான்தான். முழு காப்பி என்கிட்டயே இல்ல.

இதுல யாரையும் குத்தம் சொல்ல வரல. அங்க எந்த டிபார்ட்மென்ட்ல போய் பாத்தாலும் இதே கதைதான்னு உங்களுக்கும் தெரியும். எத்தியோப்பியால எந்த வொரெடாவுல தண்ணி எப்படி, உரம் வந்துச்சா, பஞ்சாயத்து எப்படி முடிவு எடுக்குது, பொம்பளைங்க பேருக்கு நில பட்டா வந்ததால என்ன மாறுச்சு, இதையெல்லாம் நேர்ல நடந்து போய் பாத்து எழுதினது பெரும்பாலும் அந்த ஊர் பசங்கதான். நாம கையெழுத்து போட்டு மார்க் போட்டு அனுப்பின பசங்க. பாலிசி ரிசர்ச்னா வாஷிங்டன்லயும் லண்டன்லயும் வழவழன்னு பிரிண்ட் பண்ணி வர்றதுன்னு நெனைக்கறோம், ஆனா அதுக்கு அடியில இருக்கற மண்ணு இதுதானே.

இது பழைய விவகாரம். 1981ல உலக வங்கி பெர்க் ரிப்போர்ட்ன்னு ஒண்ணு போட்டுச்சு, ஆப்பிரிக்காவோட கஷ்டத்துக்கு முக்கிய காரணம் அந்தந்த அரசாங்கத்தோட தப்பான கொள்கைதான், மானியத்த குறை, சந்தைய திறந்துவிடுன்னு. அதுக்கு முந்தின வருஷம்தான் ஆப்பிரிக்க நாடுங்க எல்லாம் சேர்ந்து லாகோஸ் திட்டம்னு தங்களோட சொந்த யோசனைய வச்சிருந்தாங்க. காசு வங்கிகிட்ட, அதனால நடந்தது வங்கி சொன்னது. 1989ல இதே அடிஸ் அபாபால இருக்கற ஐநா ஆப்பிரிக்க பொருளாதார ஆணையம், அடெபாயோ அடெடெஜி தலைமையில, வங்கி சொன்ன அந்த வழிக்கு, அதாவது ஸ்ட்ரக்சுரல் அட்ஜஸ்ட்மென்ட்டுக்கு மாத்தா ஆப்பிரிக்காவோட சொந்த வழின்னு முழுசா ஒண்ணு எழுதி வெளியிட்டுச்சு. அந்த மாதிரி எதிர்த்து பேச கையில சொந்த ஆராய்ச்சி வேணும், அதை அந்த வருஷங்கள்ல தூக்கி சுமந்தது செனகல்ல டக்கார்ல இருக்கற, 1973ல ஆரம்பிச்ச கோடெஸ்ரியாங்கற ஆப்பிரிக்க சமூக அறிவியல் ஆராய்ச்சி கவுன்சில் மாதிரி அமைப்புங்களும், அங்கங்க யுனிவர்சிட்டில சைக்ளோஸ்டைல் பண்ணி கைக்கு கை குடுத்த வொர்க்கிங் பேப்பருங்களும்தான். இன்னிக்கு உலக வங்கியோட அந்த காலத்து ரிப்போர்ட்ட தேடினா ஒரு நிமிஷத்துல பிடிஎஃப் வருது. அந்த சைக்ளோஸ்டைல் தாளுங்கள நான் தேடி போனப்ப ஒரு ரூம்ல ஸ்டேப்பிள் பின் துருப்பிடிச்சு, தாளோட ஓரமெல்லாம் செல்லரிச்சு, மேல இருந்ததோட மை கீழ இருந்ததுல ஒட்டிகிட்டு கெடந்துச்சு. நாப்பது வருஷம் கழிச்சு சரித்திரம் எழுத வர்றவன் எதை மேற்கோள் காட்டுவான்னு நீங்களே சொல்லுங்க.

எங்க வச்சா பத்திரம்னு கேப்பீங்க. ஒரே எடத்துல வச்சா எங்கயும் பத்திரம் இல்ல, இதை நான் ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுகிட்டேன். 2021 ஏப்ரல் 18, ஞாயித்துக்கிழமை, கேப் டவுன்ல மலையில புடிச்ச தீ யுனிவர்சிட்டிக்குள்ள எறங்கி ஜாகர் லைப்ரரி எரிஞ்சுது. ஆப்பிரிக்கா சம்பந்தமா அச்சுல வந்த புத்தகங்க சுமார் 70,000 போச்சு. தீக்கதவு எறங்கினதால அடித்தளத்துல இருந்ததுல பெரும்பகுதி தப்பிச்சுது, ஆனா தீய அணைக்க அடிச்ச தண்ணி கீழ எறங்கிடுச்சு, அப்பறம் தொண்டருங்க க்ரேட் க்ரேட்டா வெளிய தூக்கினாங்க. அது பணக்கார யுனிவர்சிட்டி, தீக்கதவு இருந்துச்சு. நம்ம டிபார்ட்மென்ட் அலமாரிக்கு பூட்டே ஒழுங்கா இல்ல.

சரி, கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா? 2020 நவம்பர்ல வடக்குல, மெக்கெல்லே இருக்கற டிக்ரேல சண்டை ஆரம்பிச்சதும் அந்த ரீஜனுக்கே இன்டர்நெட், போன், பேங்க் எல்லாம் கட் ஆச்சு. மெக்கெல்லேல இருந்த நண்பருங்ககிட்ட இருந்து மாசக்கணக்குல ஒரு வார்த்தை இல்லாம நாம தவிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அங்கயே உள்ளூர் சர்வர்ல மட்டும் இருந்த எதையும் வெளிய இருந்து யாரும் தொட முடியல.

அப்ப வெளிநாட்டு சர்வர்ல வச்சா? அதுக்கும் பதில் 2025ல வந்துருச்சு. உங்க பசங்கள்ல எத்தனை பேரு இடிஎச்எஸ், அதாவது எத்தியோப்பியாவோட மக்கள்தொகை, சுகாதார சர்வே டேட்டா வச்சு தீசிஸ் பண்ணியிருப்பாங்க, பப்ளிக் ஹெல்த் பக்கம் அது இல்லாம தீசிஸே கெடையாது. அந்த சர்வேக்கு வீடு வீடா போனது எத்தியோப்பியா பொண்ணுங்க, பதில் சொன்னது எத்தியோப்பியா தாய்மாருங்க, ஆனா டேட்டாவ எறக்கணும்னா அமெரிக்கா காசுல நடந்த டிஎச்எஸ் ப்ரோக்ராம்ல பதிவு பண்ணி அனுமதி வாங்கணும்னு இருந்துச்சு. 2025 ஆரம்பத்துல அமெரிக்கா வெளிநாட்டு உதவிய நிறுத்தினதும் அந்த ப்ரோக்ராமே நின்னுச்சு, புதுசா கேட்டவங்களுக்கு பதில் சொல்லக்கூட ஆள் இல்ல. 1984 பஞ்சத்துக்கு அப்பறம் 1985ல ஆரம்பிச்ச ஃப்யூஸ்நெட், பஞ்சம் வருதான்னு முன்கூட்டியே சொல்ற அமைப்பு, அதோட வெப்சைட்டும் ஜனவரி கடைசியில இருட்டாச்சு, அதுவும் சூடான்ல பஞ்சம் நடந்துட்டு இருக்கறப்ப. மாசக்கணக்குல கழிச்சு திரும்ப வந்துச்சு, வந்தது சந்தோஷம். ஆனா ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தாண்ட யாரோ போட்ட ஒரு கையெழுத்துல ஒரு கண்டத்தோட ஞாபகம் அணைஞ்சு எரியுதுன்னா அது யாரோட ஞாபகம் சார்?

அதனாலதான் சொல்றேன், நிறைய எடத்துல, நிறைய பேரு கையில, யாரும் ஒருத்தரா நிறுத்த முடியாத மாதிரி, நாமளே வெளியிடணும். ஸ்டான்ஃபோர்ட்ல 1999லயே லைப்ரரிகாரங்க லாக்ஸ்ன்னு ஒரு ஏற்பாடு ஆரம்பிச்சாங்க, காப்பி நிறைய இருந்தா பொருள் பத்திரம்ங்கறதுதான் அந்த பேருக்கே அர்த்தம்.

உங்களால ஒரு சாயங்காலத்துல முடியற வேலை இது. தீசிஸ் எழுதின பையனுக்கோ பொண்ணுக்கோ ஒரு டெலிகிராம் மெசேஜ் போட்டு அனுமதி கேளுங்க, அது அவங்க சொத்து, முதல் பேரு அவங்களோடதுதான் வரணும். இதுல நம்மாளுங்க சில பேரு செய்யறது எனக்கு சுத்தமா புடிக்கல, பசங்க தீசிஸ சுருக்கி தன் பேர முன்னாடி போட்டு, காசு கட்டினா ரெண்டு நாள்ல போடற ஏதோ இன்டர்நேஷனல் ஜர்னல்ல போடறது. அதுல நெறைய ஜர்னல் நம்ம நாட்டுலேந்துதான் நடக்குது, டொமைன் ரினீவல் கட்டாம விட்டா பேப்பரும் போச்சு பையன் கட்டின காசும் போச்சு. தயவு செஞ்சு வேண்டாம்.

ஆன்லைன்ல ஆராய்ச்சிய போட்டு வைக்கற ஜெனோடோ இருக்கு, ஐரோப்பாவோட இயற்பியல் ஆராய்ச்சி மையம் செர்ன் நடத்தறது, 2013லேந்து ஓடுது, காசு இல்ல, டிஓஐன்னு மாறாத அடையாள நம்பரும் தர்றாங்க, அந்த நம்பர் இருந்தா நாளைக்கு யாரும் மேற்கோள் காட்டலாம். அது ஐரோப்பாவுல இருக்கறதால அதோட நிறுத்திடாதீங்க. உங்க யுனிவர்சிட்டி ரெப்பாசிட்டரியிலயும் (ஆன்லைன் காப்பகம்) போடுங்க, எத்தியோப்பியாவுக்குன்னே நாட்ரேன்னு தேசிய ரெப்பாசிட்டரி இருக்கு அதுலயும் போட சொல்லுங்க, 2019லயே அரசு காசுல நடக்கற ஆராய்ச்சி திறந்து கெடக்கணும்னு அங்க பாலிசியே போட்டுட்டாங்க, அதை காட்டி கேளுங்க. இன்டர்நெட் ஆர்கைவ்ல ஒரு காப்பி. பையன் கையில ஒண்ணு. வொரெடா ஆபீஸ்ல அக்ரி ஆபீசர் கம்ப்யூட்டர்ல ஒண்ணு, இது எல்லாத்தையும் விட முக்கியம்னு நான் நெனைக்கறேன், ஏன்னா அடுத்த சர்வே டீம் ஜீப்புல வந்து எறங்கற எடம் அதுதான். கூடவே அம்ஹாரிக்லயோ ஒரோமோலயோ சிடாமாலயோ ஒரே ஒரு பக்கம் சுருக்கம் எழுத சொல்லுங்க. டிபார்ட்மென்ட் ஹெட்டு நல்ல மனுஷனா இருந்தா ஆன்லைன் ஜர்னல் நடத்தற ஓஜேஎஸ் சாஃப்ட்வேர் எறக்கி, அதுவும் இலவசம்தான், டிபார்ட்மென்ட்டுக்குன்னே ஒரு வொர்க்கிங் பேப்பர் வரிசை ஆரம்பிங்க. லைப்ரரியில இருக்கற பொண்ணுங்க பசங்களுக்கு இதெல்லாம் நம்மள விட நல்லா வரும், கேக்க ஆளு இல்லாமதான் சும்மா இருக்காங்க. தலைப்புல வொரெடா பேரும் வருஷமும் கட்டாயம் இருக்கணும், தேடறவன் அதை வச்சுத்தான் தேடுவான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். டேட்டா ஏத்தும்போது வீட்டு தலைவர் பேரு, போன் நம்பர், ஜிபிஎஸ் எல்லாம் எடுத்துடுங்க. சண்டை நடந்த, நடக்கற எடத்துல எடுத்த பேட்டிங்கள ஏத்தவே ஏத்தாதீங்க, பத்திரமா மட்டும் வைங்க. நம்ம நல்ல எண்ணத்தால அங்க ஒருத்தருக்கு ஆபத்து வந்துடக்கூடாது.

கன்சல்டன்சில இருக்கறவங்களுக்கு தனியா ஒண்ணு. உகாண்டா பேராசிரியர் மம்தானி 2011ல அங்க மக்கெரெரே யுனிவர்சிட்டில பேசினப்ப கன்சல்டன்சி கலாச்சாரம் யுனிவர்சிட்டிய அரிக்குதுன்னார், கேள்விய அடுத்தவன் போடறான், நாம பதில் மட்டும் தேடறோம்னு. அந்த பதிலும் க்ளையன்ட் ட்ராயர்ல போய் தூங்குது. அடுத்த கான்ட்ராக்ட் பேசும்போது, ஒரு வருஷம் கழிச்சு இந்த ரிப்போர்ட்ட நான் வெளியிடலாம்ங்கற ஒரு வரிய சேக்க சொல்லி கேளுங்க. நான் ரெண்டு தடவை கேட்டேன், ஒரு தடவை ஒத்துகிட்டாங்க.

என் பழைய ஹார்ட் டிஸ்க்குல முப்பதுக்கும் மேல தீசிஸ் இருந்துச்சு. இதுவரைக்கும் பதினோரு பேரு அனுமதி குடுத்து ஏத்தியாச்சு, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஒண்ணு. சேஃப்டி நெட் பையனோட தீசிஸ லைப்ரரி காப்பிய வச்சு அங்க இருக்கற நண்பர் ஒருத்தர் போன்ல பக்கம் பக்கமா போட்டோ எடுத்து அனுப்பினார், டேட்டா இல்ல, எழுத்து மட்டும் இருக்கு.

ஜூலையில நெறைய பேருக்கு கான்ட்ராக்ட் முடியுது. எடை பாத்து பாத்து பெட்டி கட்டுவீங்க, காபி கொட்டையும் பெர்பெரே பொடியும் எப்படியும் எடுத்துட்டு வருவீங்க. பெட்டி கட்டறதுக்கு முந்தின வாரம் டிபார்ட்மென்ட் அலமாரிய ஒரு தடவை திறந்து, அட்டை கவர்ல இருக்கற சிடி எதெது இன்னும் ஓடுதுன்னு மட்டும் போட்டு பாத்துட்டு வாங்க.