ஷட்டில் ராக்கெட்ட கையில புடிக்காதவங்களுக்கு ஒரு பெரிய தேங்க்ஸ்

சேலம் அம்மாபேட்டை ஷட்டில் கிளப்பு செட்டு சார்பா எல்லாருக்கும் வணக்கமுங்க.

நம்ம கோர்ட்டுக்கு ஷெட்டு போட்டு லைட் எரிஞ்சதுல இருந்து ஆளாளுக்கு பிளேயர்ஸ வாழ்த்திட்டு இருக்கீங்க, சந்தோஷம், ஆனா ஆடுனவங்க பேரு கப்புலயே இருக்கு, ராக்கெட்டையே தொடாம இத்தன வருஷம் கிளப்ப ஓட்டுனவங்கள யாரும் கண்டுக்கலயேன்னுதான் இத எழுதறேன்.

மொதல்ல தறிக்காரய்யா. நாம ஆடற எடம் அவரோடது, பாவு (தறிக்குப் போடற நீள நூல்) ஓட்டறதுக்கு வெச்சிருந்த நீள எடம், பவர்லூம் வந்தப்புறம் சும்மா கெடந்துச்சு, ஊர்ப் பெருசுங்க அங்க பூப்பந்து ஆடிட்டு இருந்தாங்க, பக்கத்துக்கு 5 பேரு, நூல்பந்து, 6 அடி நெட்டு. நாங்க ஷட்டில்னு போய் நின்னப்ப "ஆடுங்கடா, சாணி தெளிச்சு சுத்தமா வெச்சுக்கங்க"ன்னு மட்டும் சொன்னாரு, இன்னிக்கு வரைக்கும் வாடகைன்னு ஒரு வார்த்த இல்ல. ஆனா ஷட்டிலுக்கு நெட்டு கம்பத்துகிட்ட 5 அடி 1 இஞ்ச், நடுவுல 5 அடிதானே, அதே கம்பத்துல கீழ ஒரு கொக்கி வெச்சு ரெண்டு ஆட்டமும் நடக்கற மாதிரி பண்ணிக் குடுத்தது வெல்டிங் பட்டறை அண்ணன். இல்லன்னா பெருசுங்களுக்கும் எங்களுக்கும் தெனமும் சண்டதான்.

அப்புறம் டீக்கடை மாமா. சேலம் வெயில் தெரியும்ல, சித்திரையில ஃபெதர் காக்கு (நாங்க அடிக்கற இறகுப் பந்து) காஞ்சு போயி நாலு ஸ்மாஷுக்கே இறகு ஒடிஞ்சுரும், ஒரு காக்குல 16 இறகு, ஒண்ணு போனாலும் காக்கு ஆடி ஆடித்தான் போகும். மாமாதான் பாய்லர் ஆவியில டப்பாவோட கொஞ்ச நேரம் காட்டிட்டு ராத்திரி மூடி வெச்சுருங்கன்னு சொல்லிக்குடுத்தாரு, ஈரம் ஏறுனா இறகு சட்டுனு ஒடியாது. அவரு ஆடி நான் பாத்ததே இல்ல, இது எப்படித் தெரியும்னு கேட்டா சிரிக்கறாரு.

2006ல 21 பாயிண்ட் ரூல் (யாரு சர்வீஸ் போட்டாலும் ஜெயிச்சவங்களுக்கு பாயிண்ட்) வந்தப்ப "சர்வீஸ் நம்ம கையில இல்லாம பாயிண்ட்டா, அது என்ன ஆட்டம்"னு பாதி பேரு கோவிச்சுட்டு வீட்டுக்கே போயிட்டாங்க. ரிட்டயர்ட் வாத்தியார் ஐயா ஸ்கோர் நோட்ட எடுத்துட்டு வீடு வீடா போயி கூட்டிட்டு வந்தாரு. ஏற்காட்டுக்கு மேட்ச் ஆடப் போனப்ப அடிச்சதெல்லாம் பின்லைனத் தாண்டி அவுட்டு, 1,500 மீட்டர் உசரத்துல காத்து லேசு, காக்கு வேகமா போகும்னு அங்கருந்த எஸ்டேட் அண்ணன்தான் சொல்லி ஸ்லோ காக்கு குடுத்தாரு. எதிர் டீமுக்காரருங்க அவரு!

பொண்ணுங்க பேட்ச் இன்னிக்கு நெறஞ்சு இருக்குன்னா அது டீச்சரக்காவாலதான். மொத மாசம் பூரா தன் பொண்ணக் கூட்டிட்டு வந்து ஓரமா சேர் போட்டு நோட்டு திருத்திட்டு உக்காந்திருந்தாங்க, அதப் பாத்துத்தான் மத்த வீட்ல விட்டாங்க. எனக்குக் கேட்டா இந்தக் கிளப்புல நடந்ததுலயே பெரிய விஷயம் இதுதான், கப்பெல்லாம் அப்புறம்.

ஷெட்டுக்கு 18 அடி போதும், செலவு மிச்சம்னு கமிட்டில நாங்க முடிவே பண்ணிட்டோம். டாஸ் (காக்க ஒசரமா தூக்கி) அடிச்சா தகரத்துல இடிக்கும், 30 அடிக்குக் கொறையக் கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்ன இன்ஜினியர் தங்கச்சிக்கு தேங்க்ஸ்மா. விடியக்காலம் எங்க சத்தத்தப் பொறுத்துக்கிட்ட பக்கத்து வீட்டு பாட்டிக்கும்.

கடைசியா, கோடு போட்ட பெயிண்டர் அண்ணே, கூலி வேணாம்னு ஓடிட்டீங்க. கவர் மேஜை டிராயர்ல இருக்கு, இந்த ஞாயித்துக்கெழமையாவது வந்து வாங்கிட்டுப் போங்க, இல்லன்னா உங்க வீட்டம்மாகிட்ட குடுத்துருவோம்.