பட்டாளத்துத் தாத்தாவைத் தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

தாத்தா மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்து பர்மாவில் சண்டை போட்டவர் என்றும், அவருடைய ஆவணங்களை எங்கே கேட்டுப் பெறுவது என்றும் எழுதியிருந்தாய். இதே கேள்வியை வேறு வீட்டுப் பிள்ளைகளும் கேட்பதால் பதிலைப் பொதுவில் வைக்கிறேன்.

முதலில் அந்த ரெஜிமெண்டின் பெயரையே நான் சந்தேகிக்கிறேன். தாத்தா 1936-இல் பெங்களூருக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்கிற காலாட்படையின் நிரந்தரப் பட்டாலியன்கள் 1920-களிலேயே ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டுவிட்டன. இரண்டாம் உலகப் போர் மூண்ட பிறகுதான் அந்த ரெஜிமெண்ட் மறுபடி எழுந்தது. பாட்டி சொன்ன ஆண்டும் ஊரும் சரியென்றால், அவர் சேர்ந்தது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படையில்தான் இருக்க வேண்டும். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது ஆகியவை அவர்கள் வேலை. 1780-இல் தொடங்கிய அந்தப் படையின் வீரர்களை வெள்ளைக்கார அதிகாரிகளே 'தம்பி' என்றுதான் குறிப்பிட்டார்கள் என்பது உனக்குப் பிடிக்கும்.

அடுத்து, படையின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. சேப்பர்கள் ஒரே இடத்தில் திரண்டு போரிடவில்லை. கம்பெனி எனப்படும் சிறு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, டிவிஷன் எனப்படும் வெவ்வேறு பெரும் படைப்பிரிவுகளுடன் அனுப்பப்பட்டார்கள். ஒரு கம்பெனி பர்மாவில் ஆற்றுக்குப் பாலம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இன்னொன்று இத்தாலியில் இருந்தது. காஞ்சிபுரம் பக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன் 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மிக்னானோவில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் துறந்து, ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருதைப் பெற்றாரே, அவரும் மெட்ராஸ் சேப்பர்தான். ஆகவே தாத்தாவின் கம்பெனி எண் தெரியாமல் லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், ஒவ்வொரு படைப்பிரிவும் அன்றாடம் எழுதிவைத்த போர் நாட்குறிப்புகளைப் புரட்டுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற கதைதான். அந்த நாட்குறிப்புகளிலும் அதிகாரிகளின் பெயர்கள் வரும். சாதாரணச் சிப்பாயின் பெயர் அபூர்வமாகவே வரும். அவர் இருந்த கம்பெனி அன்று எந்த ஆற்றங்கரையில் நின்றது என்பதை மட்டும் அவற்றிலிருந்து அறியலாம்.

பெயரை நம்பித் தேடாதே. தாத்தாவுக்கு இருந்தது ஒற்றைப் பெயர். 'முனுசாமி' என்பதை ஒரு குமாஸ்தா 'மூனூசாமி' என்றும் இன்னொருவர் 'முன்னுஸ்வாமி' என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். அதே பெயரில் அந்தப் படையில் எத்தனை பேர் இருந்தார்களோ! மாறாமல் கூடவே வருவது, ஒவ்வொரு வீரருக்கும் தனியாகக் கொடுத்த படை எண் ஒன்றுதான்.

அந்த எண் உன் வீட்டிலேயே இருக்கலாம். சித்தியின் தகரப் பெட்டியில் மெடல்கள் கிடக்கின்றன அல்லவா? இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுத்த பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெரும்பாலும் எண்ணும் பெயரும் படையும் பொறிக்கப்பட்டன. வட்டமான பதக்கத்தில் விளிம்பைப் பார்; நட்சத்திர வடிவில் இருப்பதன் பின்புறத்தைப் பார். பர்மாப் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பர்மா ஸ்டார் என்றால் கருநீல நாடாவின் நடுவே அகலமான சிவப்புப் பட்டையும் இரு பக்கமும் ஆரஞ்சுக் கோடுகளும் இருக்கும். ஆடிக்கு ஆடி எங்கள் வீட்டில் புளி போட்டுப் பளபளக்கத் தேய்த்ததில், இங்கிருந்த பதக்கத்தின் விளிம்பில் இரண்டு எழுத்துகள்தான் மிஞ்சியிருக்கின்றன. சித்தியிடம் கெஞ்சியாவது அந்தக் காரியத்தைத் தடுத்துவிடு.

எண் கிடைத்ததும், தாத்தாவின் பென்ஷன் புத்தகத்தின் நகலையும் சேர்த்து, பெங்களூரில் உள்ள சேப்பர்களின் ஆவண அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதலாம். பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்ததால் அந்தப் புத்தகம் எங்கேயாவது இருந்தே தீரும். காலை வெயிலில் பதக்கத்தைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, விளிம்பைச் சுற்றி நான்கு படம் எடுத்து எனக்கு அனுப்பு. விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா மகன்