பேட்டரி மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாபநாசத்தில் சின்னதாக ஒரு கணினி மையம் வைத்திருக்கிறேன். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டால் அடங்கலும் சிட்டாவும் வங்கிப் புத்தகமுமாக வாசல் வரை ஆள் நிற்பார்கள், மழையும் அப்போதுதான் பிடித்துக்கொள்ளும், கரண்டும் அப்போதுதான் போகும். போன ஐப்பசியில் கரண்ட் போனபோது லேப்டாப்பில் 87 சதவீதம் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் 87. பரவாயில்லையே, நல்ல பேட்டரி என்று சந்தோஷப்பட்டு ஒரு பெரியவரின் சர்வே எண்களை அடித்துக்கொண்டிருந்தேன், பொசுக்கென்று அணைந்துவிட்டது. அணைகிற வரைக்கும் 87தான். "என்னம்மா, என் நிலமும் போச்சா?" என்றார் அவர்.

சர்வீஸுக்குக் கொண்டுபோனால் பேட்டரி செத்துவிட்டது என்றார்கள். புதிது போட்டோம், அதே கதை. அடுத்து மதர்போர்டு என்றார்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டிருக்கிறேன் என்றதும் "அதனாலதான் மேடம்" என்று லேப்டாப்பை என் பக்கமே தள்ளிவிட்டார்கள்.

பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் தீபாவளிக்கு வந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதிவைக்கும் பதிவில் 'பயாஸ் பிழை' (பயாஸ் என்பது லேப்டாப்போடே வரும் அடிப்படை மென்பொருள்) என்றே எழுதி, பேட்டரி நிலையைக் கேட்கும் செயல்முறை பாதியில் நின்றுபோனது என்றும் கூடவே போட்டிருந்தது. அதாவது, பேட்டரி, விசிறி, மூடி, தூக்கநிலை எல்லாவற்றையும் எப்படி நடத்துவது என்று லேப்டாப் செய்தவர்கள் பயாஸுக்குள் ஒரு அட்டவணை வைத்திருக்கிறார்கள், டிஎஸ்டிடி என்று பெயர். அட்டவணை என்றாலும் அது கிட்டத்தட்ட ஒரு புரோகிராம், கெர்னல் அதை ஓட்டித்தான் பேட்டரியோடு பேசுகிறது. ஏசிபிஐ என்ற இந்த ஏற்பாடு 1996-லேயே இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா சேர்ந்து கொண்டுவந்தது. எங்கள் லேப்டாப்பில் சார்ஜர் மாட்டியிருக்கும்போது எல்லாம் ஒழுங்கு. கழற்றினால் அந்தப் புரோகிராம் வேறு வழியில் போய், அந்த அட்டவணைகளில் எங்குமே இல்லாத ஒரு பெயரைத் தேடி அப்படியே நிற்கிறது. கடைசியாகப் படித்த எண்தான் திரையில் கிடக்கிறது.

சரிசெய்தது முக்கால் நாள் வேலை. அட்டவணையை நகலெடுத்து, ஐஏஎஸ்எல் என்ற இலவசக் கருவியால் படிக்கிற வடிவத்துக்கு மாற்றி, இரண்டு வரியைத் திருத்தி, பதிப்பு எண்ணை ஒன்று கூட்டி (கூட்டாவிட்டால் கெர்னல் சீண்டாது, இதில் ஒரு மணி நேரம் வீண்), மறுபடி கணினிக்குப் புரியும் வடிவத்துக்கு கம்பைல் செய்து, லினக்ஸ் கிளம்பும்போது முதலில் ஏற்றும் இனிட்ராம்எப்எஸ் கோப்புக்கு முன்னால் சுருக்காமல் ஒட்டவைக்க வேண்டும். கையொப்பம் சரிபார்த்த மென்பொருளை மட்டுமே கிளம்பவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைக்க வேண்டியிருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. பயாஸில் கையே வைக்கவில்லை, சிக்கல் வந்தால் ஒட்டவைத்த அட்டவணையை எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும். ஆனால் ஒரு மாடலுக்குத் திருத்தியதை இன்னொரு மாடலில் போடக் கூடாது, பயாஸை அப்டேட் செய்தாலும் திருத்தத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பயாஸ் 'நீ விண்டோஸா?' என்று கேட்டால் லினக்ஸ் கெர்னல் ஆமாம் என்கிறது, 'நீ லினக்ஸா?' என்று கேட்டால் இல்லை என்கிறது. விண்டோஸில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்கு அனுப்புகிறவர்களிடம் வேறு எப்படித்தான் பிழைப்பது?

நம் மாநிலத்தில் 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். லினக்ஸ் இங்கே யாரோ நாலு பேர் விளையாட்டாகப் போடுவதில்லை. அரசு வாங்கும்போது டெண்டரிலேயே ஒரு வரி சேர்க்கலாம்: லினக்ஸில் மூடியை மூடித் திற, சார்ஜரைக் கழற்றி மாட்டு, பதிவில் பயாஸ் பிழை வராமல் காட்டு. இதைச் சோதிக்க எப்டபிள்யூடிஎஸ் என்ற கருவி காசில்லாமல் கிடைக்கிறது. அந்த ஒரு வரிக்காக நிறுவனங்கள் திருத்தினால் கடையில் வாங்குகிற எங்களுக்கும் அது வந்து சேரும்.

கழற்றிப் போட்ட பழைய பேட்டரி இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. போன வாரம் மாட்டிப் பார்த்தேன், இரண்டரை மணி நேரம் ஓடியது.

இப்படிக்கு,
ஒரு கணினி மையம் நடத்துபவர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.