குட்டி இப்போது வேண்டாம், அம்மிணி

அன்புள்ள அம்மிணி,

போனில் பேசினால் உன் அம்மா ஒரு பக்கம், டிவி ஒரு பக்கம். சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். செவலைக்குப் பதிலாக வேறு பூனைக்குட்டி எடுத்துத் தருவதாகச் சொன்னாயே, அது இப்போது வேண்டாம்.

செவலை போனதை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது தெரியுமா? மாடு செத்திருந்தால் பத்துப் பேர் வந்து விசாரித்திருப்பார்கள். பூனைக்கு யார் வருவார்கள்? "இனிப் பாலாவது மிச்சம்" என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். வயசான பூனை, கிட்னி கெட்டுவிட்டது, டாக்டரும் டிரிப் ஏற்றிப் பார்த்தார். கயிற்றுக் கட்டிலின் காலில் அவன் பிறாண்டிய தடம் அப்படியே இருக்கிறது. ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லி உன் அம்மா நச்சரிக்கிறாள். ஆசாரி ஊரில் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஐப்பசி மழை விட்ட பிறகு வீட்டுக்குப் பின்னால், பொடக்காலியில் ஒரு புதுச் சத்தம் கேட்டது. விசில் போல இரண்டே சுரம். விடிகிற நேரத்தில் ஒருமுறை, பொழுது சாய்கிறபோது ஒருமுறை. ஆறுமணிக்குருவி! இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு நம் பக்கம் வருகிற பறவை. சீத்தா மரத்தடிச் சருகை ஒவ்வொன்றாகப் புரட்டிப் புழு தேடுகிறது. முதுகு பச்சை, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. குட்டை வாலை மெல்ல ஆட்டும்போது அடிவயிற்றின் சிவப்பு தெரிகிறது. தரையிலேயே தத்தித் திரிகிற குருவி. செவலை இருந்திருந்தால் ஒரு நாள் தாங்கியிருக்காது. முன்பொரு மார்கழியில் வாலாட்டிக் குருவியைப் பிடித்துவந்து உன் அம்மா போட்ட கோலத்தின் நடுவில் வைத்தானே, மறந்திருக்க மாட்டாய். அவனை நினைத்து அழுகிற அதே திண்ணையில் உட்கார்ந்து, அவன் இல்லாததால் பிழைத்திருக்கும் குருவியை ரசிக்கிறேன். இது சரியா என்று யாரிடம் கேட்பது? கேட்கவும் தோன்றவில்லை. காலையில் எழுந்து வெளியே வர ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் குருவிக்கு நான் சோறு வைக்க வேண்டாம், மருந்து கொடுக்க வேண்டாம், பெயர் வைக்கவும் வேண்டாம். சித்திரைக்குள் அதுவே வடக்கே கிளம்பிவிடும். இப்போதைக்கு எனக்கு அந்த அளவு உறவுதான் தாங்கும். அதுவரை தரை அதனுடையது. குட்டிப் பேச்சை அது போன பிறகு எடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நஞ்சராயன் குளத்துக்குப் போகிறேன். சாயத்தண்ணீரையே பார்த்துச் சலித்த நம் திருப்பூரில் இப்படியொரு இடம்! 2024இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். தட்டைவாயன், ஊசிவால் வாத்து எல்லாம் வரும். இமயமலைக்கு மேலேயே பறந்து வருகிற வரித்தலை வாத்தும் சில வருடங்களில் தென்படுவதுண்டு. போன வாரம் தூரத்தில் ஒன்றைக் காட்டினேன். அது வாத்தே இல்லை, பாறாங்கல் என்று உன் அம்மா சாதித்தாள். நாங்கள் நின்ற நேரம் முழுக்க அது அசையவில்லை என்பதும் உண்மைதான்.

பொங்கலுக்கு வரும்போது உன் பைனாகுலரைக் கொண்டு வா. இந்த வழக்கைத் தீர்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா