அந்த ஜூஸரை யாருக்கும் கொடுத்துவிடாதே

மாப்ளே,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது, பதில் போடவில்லை என்று கோபமாக இருப்பாய். வீடு மாறிய அலைச்சல், அது முடிந்த கையோடு சின்னவளுக்குப் பரீட்சை, வேறு காரணம் ஒன்றும் இல்லை. இங்கே எல்லோரும் நலம். வாத்தியார் உன்னை விசாரித்தார். குடை விஷயத்தை அவர் இன்னும் மறக்கவில்லை, நீயே நேரில் வந்து பேசித் தீர்த்துக்கொள்.

இன்று உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் நீ கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்த விஷயம்தான். ஜூஸரில் எதைப் போட்டாலும் ஒரு புளித்த வாடை வருகிறது, அடியில் ஒழுகுகிறது, கழுவிக் கழுவி அலுத்துவிட்டது, யாராவது கேட்டால் கொடுத்துவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். கொடுக்காதே. மிஷினில் ஒரு கோளாறும் இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீ கழுவாத இடம் ஒன்று அதில் இருக்கிறது.

எப்படிச் சொல்கிறேன் என்றால், நம் குண்டன் வீட்டிலும் உன்னுடையதைப் போல ஸ்லோ ஜூஸர்தான், அவனும் இதே புகாரோடு அதைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றத் தயாராக இருந்தான். நான் போயிருந்தபோது மேசையில் ஒரு துணியை விரித்து, எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுப் பார்த்தோம். சல்லடை பளபளவென்று இருந்தது, கிண்ணமும் அப்படித்தான். ஆனால் கிண்ணத்தைக் கவிழ்த்தால் நடுவில் மோட்டார் தண்டு நுழைகிற ஓட்டை இருக்கிறதே, அதைச் சுற்றி ஒரு சிலிக்கோன் ரப்பர் வளையம். வாங்கிய நாளிலிருந்து அது தனியாகக் கழன்று வரும் என்றே அவனுக்குத் தெரியாது. ஸ்பூன் காம்பால் மெதுவாக நெம்பி எடுத்தோம். மேல்பக்கம் வெள்ளை, அடிப்பக்கம் கறுப்பு. வளையம் உட்கார்ந்திருந்த பள்ளம் முழுக்க பழுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு படலம், அதில் நார் நாராகச் சக்கை, ஓரங்களில் பூஞ்சை. முகர்ந்து பார்த்தவன் அப்படியே ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

இது ஏன் நடக்கிறது என்று யோசித்துப் பார். வேகமாகச் சுற்றுகிற ஜூஸர் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் சாற்றை வெளியே வீசி எறியும். உன்னுடையது அப்படி இல்லை, நிமிடத்துக்கு 100 சுற்றுக்கும் கீழேதான், திருகு காயை நசுக்கிப் பிழிகிறது. அந்த அழுத்தத்தில் நுண்ணிய நாரும் சாறும் எங்கே இண்டு இடுக்கு கிடைக்கிறதோ அங்கெல்லாம் புகுந்துவிடும். ரப்பருக்கு அடியில் போனது திரும்ப வராது. அங்கே சர்க்கரை இருக்கிறது, ஈரம் இருக்கிறது, காற்றும் போகாது, அப்புறம் புளிக்காமல் என்ன செய்யும்? அடுத்த நாள் நீ பிழிகிற புதுச் சாறு அதன்மேல்தான் ஓடி டம்ளருக்கு வருகிறது.

இங்கேதான் எனக்குக் கவலை. நீ இதை வாங்கியதே அப்பாவுக்காக. நாம் குடித்தால் ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்து எழுந்துவிடுவோம். ஆபரேஷன் முடிந்து தேறி வருகிற வயதானவர் உடம்பு அப்படி இல்லை. சமைத்த சாப்பாட்டுக்கு நெருப்பு ஒரு காவல். பச்சைச் சாற்றுக்கு அதுகூடக் கிடையாது, பழத்தில் இருப்பதும் மிஷினில் இருப்பதும் அப்படியே உள்ளே போகிறது. அதனால் இதை நிறைவாகச் சுத்தம் செய்கிறவரை அவருக்கு அதில் பிழிந்து கொடுக்காதே. இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே, கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் பிளக்கைப் பிடுங்கு, சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மூடி, திருகு, சல்லடை, அதைச் சுற்றி வருகிற பிரஷ், கிண்ணம் எல்லாம் நீயே கழற்றுகிறாய், அதில் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கப்புறம் தேட வேண்டியது மூன்று இடம். கிண்ணத்தின் நடு ஓட்டை வளையம். சக்கை வெளியே வருகிற வழியின் அடியில் ஒரு சின்ன ரப்பர் மூடி, அதை இழுத்தால் கதவு போலத் திறக்கும், உள்ளே இறுகிப்போன சக்கை ஒரு கட்டியாக நிற்கும். அப்புறம் திருகைத் தலைகீழாகப் பிடித்தால் அதன் அடியிலும் ஒரு வளையம் இருக்கலாம். எல்லாவற்றையும் எடுத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் சோப்பு விட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் வளையத்தையும் தேய், அது உட்கார்ந்த பள்ளத்தையும் தேய். எடுப்பதற்கு முன்னால் வளையம் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள். தலைகீழாக மாட்டினால் அடியில் ஒழுகும். உன் வீட்டு ஒழுகலுக்கே அதுதான் காரணமாக இருக்கலாம், இல்லையென்றால் சக்கை சேர்ந்து வளையம் சரியாகப் படியாமல் இருக்கும்.

கொதிக்கிற தண்ணீர் மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக் கோணிவிடும், கோணினால் மூடி பூட்டாது. பிளீச்சும் வேண்டாம், அது ஸ்டீல் சல்லடையை அரிக்கும், வினிகரோடு சேர்ந்துவிட்டால் விஷவாயு வரும். காரட் போட்டு ஆரஞ்சு நிறம் ஏறியிருந்தால் சோப்பால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அந்த நிறம் எண்ணெயில்தான் கரையும். ஒரு துணியில் சமையல் எண்ணெய் கொஞ்சம் தொட்டுத் துடைத்துவிட்டு அப்புறம் சோப்புப் போடு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே போகும், எனக்கு அதைச் செய்யவே ஆசையாக இருக்கும். சல்லடையில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பெரும்பாலும் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பு. தண்ணீர் கலந்த வினிகரில் அரை மணி நேரம் போட்டு வை. சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குவதைப் பார்த்து நிறையப் பேர் சந்தோஷப்படுகிறார்கள், இரண்டும் ஒன்றை ஒன்று செயலிழக்க வைக்கிறது, அவ்வளவுதான் அந்த நுரை.

மோட்டார் இருக்கிற அடிப்பாகத்தைக் குழாயடிக்குக் கொண்டுபோகாதே, ஈரத்துணி போதும்.

இதெல்லாம் ஒரு தடவை. தினமும் இவ்வளவு பாடு கிடையாது, நீ பயப்படாதே. கடைசிக் காய் போனதும் மிஷின் ஓடும்போதே ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி ஓடவிடு, பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். சாற்றைக் குடிப்பதற்கு முன்னால் சல்லடையைக் குழாயில் காட்டிவிடு. இங்கேதான் உன்னை எனக்குத் தெரியும்! ஹாஸ்டலில் தட்டை "ஊறட்டும்" என்று போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிப் போனவன் நீ, ஒல்லியான் அந்தத் தட்டை என்ன செய்தான் என்பதும் ஞாபகம் இருக்கும். ஜூஸரில் அந்த ஊறல் வைத்தியம் நடக்காது. சல்லடையில் சக்கை காய்ந்துவிட்டால் பசை போட்டு ஒட்டியது போல ஆகிவிடும், ஈரமாக இருக்கும்போது ஒரு நிமிட வேலை, காய்ந்த பிறகு பிரஷோடு மல்லுக்கட்டு. வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே பார்த்துத் தேய்த்தால் சக்கை வந்த வழியே திரும்பும். கழுவினதும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார், எந்த ஓட்டையில் வெளிச்சம் வரவில்லையோ அங்கே இன்னும் இருக்கிறது. விரிசல் தெரிந்தால் அந்தச் சல்லடையை அதற்கு மேல் பயன்படுத்தாதே.

காயவைப்பதிலும் கவனம் வேண்டும். ஈரத்தோடு எல்லாவற்றையும் மாட்டி மூடிவைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். வளையங்களைத் தனியாக, காற்றுப்படுகிற மாதிரி விரித்துவை, பிழியப் போகும்போது மாட்டிக்கொள்ளலாம். கழற்றி மாட்டுகிற வேலையைப் பையனிடம் விட்டுப் பார், அவனுக்கு இந்த மாதிரி வேலை பிடிக்கும், உன்னைவிடப் பொறுமையும் உண்டு.

வளையம் கிழிந்தோ இழுபட்டுத் தொளதொளவென்றோ இருந்தால், இல்லை எத்தனை தேய்த்தும் கறுப்பு போகவில்லை என்றால், புதிது போட்டுவிடு, அது தனியாகவே கிடைக்கும். மிஷினின் அடியில் மாடல் எண் ஒட்டியிருப்பார்கள், அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, தேடிப் பிடித்து அனுப்பிவைக்கிறேன். அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல். பெரியக்கா கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று என்று நீ எழுதவே இல்லை, அடுத்த கடிதத்தில் அதுதான் முதலில் வரவேண்டும்.

உன்,
பழைய ரூம்மேட்